அப்பாவுக்கு மூக்குல எடுத்த சிடி வேல்யூ நல்லாத்தான் இருந்துச்சு, ரத்தத்துல வைரஸ் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?

முல்லைக்கொடி_சேலம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி, யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியாம இங்க போடுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

2021 மே மாசம் எங்க வீட்டுல மூணு பேருக்கு கொரோனா வந்துச்சு. அப்பா, வயசு 61. சித்தப்பா, 54. அப்புறம் நான். மூணு பேரும் ஒரே நாள் ஒரே லேப்லதான் மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் குடுத்தோம். ரிப்போர்ட் வந்தப்ப அப்பாவுக்கு சிடி வேல்யூ 26, சித்தப்பாவுக்கு 17, எனக்கு 21. நம்பர் கம்மியா இருந்தா வைரஸ் ஜாஸ்தின்னு அப்ப வாட்ஸப்புல எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, அதனால வீடே சித்தப்பாவ நெனச்சுதான் பயந்துச்சு. வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஆக்சிமீட்டர், பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினது, அது சித்தப்பா ரூம்லயே கெடந்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவருக்குப் பாத்து ஒரு ஸ்கூல் நோட்டுல எழுதிட்டே இருந்தேன், 97, 96, 97ன்னு பக்கம் பக்கமா இருக்கு. அப்பாவுக்கு காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை, அவ்ளோதான். அவரும் எனக்கு ஒண்ணுமில்ல உங்க சித்தப்பன பாருன்னுதான் சொன்னார்.

எட்டாவது நாள் பாத்ரூம் போயிட்டு வந்து கட்டில்ல உக்காந்தவருக்கு பேச்சு வரல, மூச்சு வாங்குச்சு, ஆக்சிமீட்டர வெச்சா 86. அங்க இங்க அலைஞ்சு ஒரு ஆஸ்பத்திரில பெட் கெடைச்சு சேத்தோம், நெஞ்சு ஸ்கேன்ல நுரையீரல் பாதிப்பு 25க்கு 16, ரத்தம் கட்டுறத காட்டுற டி டைமர் ஏறிடுச்சு, அழற்சிய காட்டுற சிஆர்பி ஏறிடுச்சு, வைரஸுக்கு எதிரான ரெம்டெசிவிர் ஊசி எழுதிக் குடுத்தாங்க, அதுக்கு என் தம்பி ரெண்டு நாள் வரிசைல நின்னான். பதினாறாவது நாள் அப்பா போயிட்டார். சித்தப்பாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அதோட சரி.

இப்ப ஏன் கேக்குறேன்னா, போன வாரம் கனடாவுல மொன்றியல்ல பண்ணின ஒரு ஆராய்ச்சி பத்தி படிச்சேன். ரத்தத்துல வைரஸோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபுப் பொருள், எவ்ளோ இருக்குன்னு அளந்தா யாருக்கு உயிருக்கு ஆபத்துன்னு முன்னாடியே சொல்லிடலாம்னு போட்டிருந்துச்சு. அதப் படிச்சதுல இருந்து தூக்கம் இல்ல. மூக்குல பாத்தா தெரியாதது ரத்தத்துல எப்படி தெரியும்? அப்படி தெரியும்னா ஏன் யாரும் அந்த டெஸ்ட எடுக்கல? அப்பாவுக்கு அத எடுத்திருந்தா அவர் இன்னைக்கு இருந்திருப்பாரா? தெரிஞ்சவங்க மறைக்காம உள்ளத சொல்லுங்க.

லேப்_மணி:

சகோதரி, முதல்ல அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீஷியன், 2020ல இருந்து 2022 வரைக்கும் ஆர்டிபிசிஆர் மிஷின் பக்கத்துலதான் என் வாழ்க்கை போச்சு, அதனால அந்த சிடி நம்பர் பத்தி மட்டும் நான் சொல்றேன், வைத்தியம் பத்தி டாக்டருங்க சொல்லட்டும்.

சிடின்னா சைக்கிள் கணக்கு. மிஷின் ஒவ்வொரு சைக்கிளுக்கும் சாம்பிள்ல இருக்குற வைரஸ் மரபுப் பொருள இரட்டிப்பாக்கும், எத்தனாவது சைக்கிள்ல சிக்னல் தெரியுதோ அதுதான் அந்த நம்பர். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல 9 சைக்கிள், அதாவது கணக்குப்படி சுமார் 500 மடங்கு வித்தியாசம். கேக்க பெருசா இருக்கும். ஆனா இந்த 500 மடங்கு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. குச்சிய எவ்ளோ உள்ள விட்டாங்க, எத்தன சுத்து சுத்துனாங்க, அன்னைக்கு அவருக்கு நோய் வந்து எத்தனாவது நாள், சாம்பிள் லேப் வர்ற வரைக்கும் ஐஸ்பெட்டில இருந்துச்சா வெயில்ல இருந்துச்சா, எந்த கம்பெனி கிட், எல்லாம் சேந்ததுதான் அந்த நம்பர். ஒரே ஆளுக்கு வலது மூக்குல எடுத்து இடது மூக்குல எடுத்தா நம்பர் மாறுறத நானே பாத்திருக்கேன். எங்களுக்கு அந்த ரிப்போர்ட்ல பாசிட்டிவா நெகட்டிவாங்குற கேள்வி மட்டும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆரே 2020 ஆகஸ்ட்ல சிடி வேல்யூவ வெச்சு நோயோட தீவிரத்த முடிவு பண்ணாதீங்கன்னு அறிவுரை குடுத்துச்சு. ஆனா ஜனங்க கேட்டாங்க, லேப்புங்க பிரிண்ட் பண்ணிக் குடுத்தாங்க, அது ஊரெல்லாம் மார்க் ஷீட் மாதிரி ஆயிடுச்சு. நீங்க அந்த நம்பர நம்பி சித்தப்பாவுக்கு பயந்தது உங்க தப்பே இல்லங்க, அந்த நேரத்துல படிச்சவங்களே அப்படித்தான் நம்புனாங்க.

ரத்தத்துல பாக்குறது வேற விஷயம். டெங்குவுக்கு என்எஸ்1 டெஸ்ட் ரத்தத்துலதான் எடுப்போம், ஏன்னா அந்த வைரஸ் ரத்தத்துலயே சுத்துறது. கொரோனா அப்படி இல்ல, அது மூக்கு தொண்டை நுரையீரல்னு காத்து போற வழில இருக்க வேண்டியது. அது ரத்தத்துல தெரியுதுன்னா வேலிய தாண்டிடுச்சுன்னு அர்த்தம். ஆனா அங்க அளவு ரொம்ப ரொம்ப கம்மி, மூக்குல கோடிக்கணக்குல இருக்கும்னா ரத்தத்துல ஒரு மில்லிக்கு சில நூறு சில ஆயிரம்னு இருக்கும், சாதாரண மிஷின்ல 35 சைக்கிளுக்கு மேலதான் எட்டிப் பாக்கும், எங்க கிட்டுல 35க்கு மேலன்னா பாசிட்டிவ்னே கணக்குல எடுக்க மாட்டோம். அதனால வெளிநாட்டுல நெறைய பேர் டிஜிட்டல் பிசிஆர்னு ஒண்ணு பயன்படுத்துனாங்க, சாம்பிள கிட்டத்தட்ட 20,000 குட்டித் துளியா பிரிச்சு ஒவ்வொரு துளிலயும் இருக்கா இல்லையான்னு எண்ணும். அது நம்ம பக்கம் பெரிய ஆராய்ச்சி லேப்லதான் இருக்கும்.

இன்னொண்ணு, டியூப் கூட முக்கியம். ஊதா மூடி டியூப்ல எடுத்தா பிசிஆர் ஓடும். ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி டியூப்ல எடுத்தா ரியாக்ஷனே நின்னுடும், வைரஸ் இருந்தும் இல்லன்னு வரும். ஐசியுல இருக்குற பாதி பேருக்கு மேல ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பாரின் ஊசி போய்ட்டு இருக்கும், அதையும் கவனிக்கணும். அந்த மே மாசம் எங்க லேப்ல மூக்கு சாம்பிளே மலை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சு, ரிசல்ட் குடுக்க ரெண்டு மூணு நாள் ஆச்சு, அதுல யாரும் ரத்தத்துலயும் பாருன்னு சொல்லியிருந்தா எங்களால முடிஞ்சிருக்காது, சத்தியமா.

ஐசியு_டாக்டர்_கோவை:

அம்மா, நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். மணி சொன்னதுல இருந்து தொடர்றேன்.

நுரையீரல் கடைசில குட்டிக் குட்டி காத்துப் பையா முடியும். அந்தப் பையோட சுவரும் அத ஒட்டி ஓடுற ரத்தக் குழாயோட சுவரும் சேந்தாக் கூட ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியான தடிமன்தான். ஆக்சிஜன் உள்ள போகணும்னா அப்படி மெலிசா இருந்தே ஆகணும். வைரஸ் ஆழமா எறங்கி அந்த செல்லுங்கள உடைக்க ஆரம்பிச்சா சுவர் பொத்தலாகும், அந்தப் பக்கம் இருக்குறது இந்தப் பக்கம் கசியும். ஏரிக்கரைல வெளிப்பக்கம் ஈரம் பூத்தா உள்ள கரை அரிச்சிருக்குன்னு ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க இல்லையா, ரத்தத்துல தெரியுற ஆர்என்ஏ அந்த ஈரம் மாதிரி. மூக்குல எடுக்குறது ஏரி மேல இருக்குற தண்ணி மட்டும்தான். அதோட மூக்குல வைரஸ் முதல் வாரத்துலயே உச்சத்துக்குப் போய் எறங்க ஆரம்பிச்சுடும், நுரையீரல்ல அதுக்கப்புறமும் வேலை நடந்துட்டே இருக்கும். மூக்குல கம்மியா இருக்கே நல்லதுதானேன்னு நெனைக்கிற அதே நாள்ல கீழ மோசமாகிட்டு இருக்கலாம்.

இது 2020 ஜனவரிலயே கண்ணுல பட்டுச்சு. வூஹான்ல முதல் 41 நோயாளிங்கள பத்தி லான்செட் மருத்துவ இதழ்ல வந்த கட்டுரைலயே 6 பேர் ரத்தத்துல ஆர்என்ஏ இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அவங்க வார்த்தைய ரொம்ப கவனமா போட்டாங்க, ரத்தத்துல வைரஸ்னு சொல்லாம ரத்தத்துல ஆர்என்ஏன்னு மட்டும் சொன்னாங்க, ஏன்னா அது உயிரோட பரவக்கூடிய வைரஸான்னு அவங்க வளத்துப் பாக்கல. அப்புறம் ஸ்பெயின்ல 250 பேர எடுத்து டிஜிட்டல் பிசிஆர்ல பாத்தாங்க. வீட்டுக்கே அனுப்பினவங்கள்ல 2 சதவீதம், வார்டுல இருந்தவங்கள்ல 27 சதவீதம், ஐசியுல இருந்தவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு ரத்தத்துல ஆர்என்ஏ இருந்துச்சு. இந்த மூணு நம்பரப் பாத்தப்ப எனக்கே ஒரு நிமிஷம் கை நின்னுடுச்சு, ஏன்னா நாங்க அப்ப சிஆர்பி, ஃபெரிட்டின், டி டைமர், ஐஎல்6னு வரிசையா பாத்துட்டு இருந்தது எல்லாமே உடம்பு காட்டுற எதிர்வினை, நெருப்பு இல்ல புகை. இது நெருப்பையே நேரா அளக்குறது.

நீங்க படிச்ச மொன்றியல் ஆராய்ச்சி 2021 நவம்பர்ல சயன்ஸ் அட்வான்சஸ் இதழ்ல வந்துச்சு, டேனியல் காஃப்மன்ங்குற டாக்டரோட குழு. 279 பேர், எல்லாரும் ஆஸ்பத்திரில சேந்தவங்க, அறிகுறி ஆரம்பிச்சு 11வது நாள் வாக்குல எடுத்த ரத்தம். அழற்சி புரோட்டீனுங்க, வைரஸ எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடிங்க, ஆர்என்ஏ எல்லாத்தையும் அளந்து எது சாவ நல்லா முன்கூட்டி சொல்லுதுன்னு பாத்தாங்க. வயசும் ஆணா பெண்ணாங்குறதும் கணக்குல சேத்ததுக்கு அப்புறம் ரத்தத்துல இருக்குற ஆர்என்ஏதான் முன்னாடி நின்னுச்சு.

அம்மா, அந்த 11வது நாளுங்குறத கவனிங்க. அப்பா உங்க கைய விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது 8வது நாள். இந்த டெஸ்ட் வீட்டுல இருந்த முதல் வாரத்துக்கான டெஸ்ட் இல்ல. நீங்க நோட்டுல எழுதிட்டு இருந்த நாள்ல அப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தாலும் என்ன காட்டியிருக்கும்னு இந்த ஆராய்ச்சிய வெச்சு யாரும் சொல்ல முடியாது.

கேள்விக்குறி:

டாக்டர் ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ரொம்ப மோசமா இருக்குறவங்களுக்கு எல்லா டெஸ்டும் மோசமாத்தானே வரும், ஐசியுல 78 சதவீதம்னா அதுல என்ன ஆச்சரியம், ஏற்கனவே ஐசியுல இருக்குற ஆளப் பாத்து இவர் ஆபத்துல இருக்கார்னு சொல்ல ஒரு டெஸ்ட் எதுக்கு? ரெண்டாவது, ரத்தத்துல இருக்குன்னா ரத்தம் ஏத்துனா பரவுமா? எங்க அண்ணிக்கு 2021 ஜூன்ல பிரசவத்துல ரெண்டு யூனிட் ஏத்துனாங்க, அப்ப இருந்த பயம் இன்னும் இருக்கு.

ஐசியு_டாக்டர்_கோவை:

நல்ல கேள்விங்க, தப்பா எடுக்க ஒண்ணுமில்ல.

ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடுறேன், அண்ணிய நிம்மதியா இருக்கச் சொல்லுங்க. ரத்தம் ஏத்துனதுனால கொரோனா பரவுச்சுன்னு உறுதியான ஒரு கேஸ் கூட உலகத்துல பதிவாகல. ஆர்என்ஏ இருந்த ரத்தத்த எடுத்து லேப்ல செல்லுல விட்டுப் பாத்தாங்க, வைரஸ் வளரல. நாம அளக்குறது பெரும்பாலும் உடைஞ்ச துண்டுங்க, இல்ல ஆன்டிபாடி ஏற்கனவே புடிச்சு கட்டிப்போட்ட வைரஸ்.

முதல் கேள்விக்கு. நீங்க சொல்றது சரிதான், வார்டயும் ஐசியுவயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா கோழியா முட்டையான்னு தெரியாது. அதனாலதான் மொன்றியல் வேலை எனக்கு முக்கியமா படுது. அவங்க பாத்தது ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குள்ள இருக்குறவங்கள்ல, ஒரே நாள் கணக்குல ரத்தம் எடுத்து, அப்புறம் யார் பிழைச்சாங்க யார் போனாங்கன்னு. ஒரே மாதிரி ஆக்சிஜன்ல படுத்திருக்குற ரெண்டு பேர்ல யார் எந்தப் பக்கம் போவாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, அதுதான் எங்க தெனசரி தலைவலியே. பெட் நம்பர் 4ல இருக்குறவர் ரெண்டு நாள்ல எழுந்து இட்லி கேப்பார், பெட் நம்பர் 5 ராத்திரி மூணு மணிக்கு மூச்சுக்கு டியூப் போட வேண்டி வரும், சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல ரெண்டு பேரோட சார்ட்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அந்த எடத்துல உதவுற நம்பர் இது. அவங்க வேற ரெண்டு கூட்டத்துலயும் சரி பாத்தாங்க, முதல் அலைல வேற ஆஸ்பத்திரில இருந்தவங்க, அப்புறம் ரெண்டாவது மூணாவது அலைல சேந்தவங்க, அதுக்குள்ள வைத்தியமே மாறிடுச்சு, அப்பவும் கணிப்பு நின்னுச்சு.

எல்லாருக்கும் ஏன் கசியலங்குறதுக்கு ஒரு காரணம் மட்டும் சொல்றேன், ஏன்னா இது முல்லைக்கொடி அம்மாவோட கேள்விக்கும் கொஞ்சம் பதில். வைரஸ் நுழைஞ்ச சில மணி நேரத்துலயே உடம்பு இன்டர்ஃபெரான்னு ஒண்ண விட்டு தெரு முழுக்க சங்கு ஊதும். சில பேருக்கு உடம்பே அந்த இன்டர்ஃபெரானுக்கு எதிரா ஆன்டிபாடி வெச்சிருக்கும், அவங்களுக்கே தெரியாது, வாழ்க்கைல ஒரு நாளும் தெரிஞ்சிருக்காது. 2020ல சயன்ஸ்ல வந்த ஒரு ஆராய்ச்சில உயிருக்கு ஆபத்தான நிமோனியா வந்த 987 பேர்ல 101 பேருக்கு அது இருந்துச்சு, அந்த 101ல 95 பேர் ஆம்பளைங்க. ஒரே வீடு ஒரே வைரஸ், அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா போறதுக்கு இந்த மாதிரி உள்ளுக்குள்ள ஆயிரம் காரணம் இருக்கு. அதுல எதுவும் ஆக்சிமீட்டர் எந்த ரூம்ல இருந்துச்சுங்குறத பொறுத்தது இல்ல.

வடலி_மொன்றியல்:

வணக்கம் எல்லாருக்கும். நான் மொன்றியல்ல இருக்கிறன், ஊர் பருத்தித்துறை. இந்தக் கதையைப் பார்த்தவுடன எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

2020 சித்திரையில எங்கட அம்மாவுக்கு இஞ்ச கோவிட் வந்தது. என்ர தங்கச்சி ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்தவள், இஞ்ச முதல் அலை முதியோர் இல்லங்களைத்தான் போட்டு உலுப்பினது, அதில வேலை செய்த எங்கட சனம் கனபேர். அவளுக்கு வந்து அம்மாவுக்கும் வந்திட்டுது. அம்மாவை ஆஸ்பத்திரியில மறிச்சுப் போட்டினம், ஒருத்தரையும் உள்ள விடேல்ல. நாலாம் நாள் ஒரு நேர்ஸ் போன் எடுத்தா. ஆராய்ச்சிக்கு அம்மாவின்ர ரத்தம் கொஞ்சம் எடுக்கலாமோ எண்டு சம்மதம் கேக்கிறா. ஆராய்ச்சிக்கு ரத்தம் சேர்த்து வைக்க கியூபெக் மாகாணத்தில அப்ப தொடங்கின கோவிட் பயோபாங்குக்கு. அம்மாவுக்கு பிரெஞ்சும் தெரியாது இங்கிலீசும் தெரியாது. நேர்ஸ் போனை ஸ்பீக்கர்ல போட்டு அம்மாவின்ர தலைமாட்டில வைச்சா, அவ ஒரு வசனம் சொல்லுவா, நான் தமிழில சொல்லுவன், பின்னால ஆக்சிஜன் இரையிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கு. அம்மா கேட்டது ஒண்டே ஒண்டுதான், "இதால எனக்கு ஏதும் சுகம் வருமோ?" நான் நேர்ஸிட்ட கேட்டன். அவ பொய் சொல்லேல்ல. இல்லை, உங்களுக்கு வராது, பிறகு வாற ஆக்களுக்கு உதவலாம் எண்டா. நான் அதை அப்பிடியே சொன்னன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் பறையேல்ல. பிறகு, "அப்ப எடுக்கட்டும், நாங்கள் இஞ்ச வந்து எவ்வளவு வாங்கினனாங்கள்" எண்டா.

அம்மா தப்பி வந்திட்டா, இப்ப 78 வயசு. அந்த மொன்றியல் ஆராய்ச்சிக்கு ரத்தம் இந்த பயோபாங்கிலயிருந்து போனது, அம்மாவின்ர குழாய் அதில இருந்ததோ எண்டு கேட்டு அறியேலாது, பேர் ஊர் எல்லாம் எடுத்துப்போட்டு நம்பர் மட்டும்தான் வைச்சிருப்பினம். ஆனா முல்லைக்கொடி தங்கச்சி, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது என்னெண்டா, மொன்றியல்லயும் அந்த நேரம் ஒருத்தருக்கும் இந்த டெஸ்ட் வைத்தியத்துக்கு எண்டு எடுக்கேல்ல. அந்தக் குழாய் எல்லாம் மைனஸ் 80 பாகை ஃப்ரீசருக்குள்ள கிடந்து, மாசக்கணக்கா பிறகுதான் அளந்தவை. அந்த ரத்தம் எடுத்த ஆக்களில கனபேர் அந்த முடிவு வர முதலே செத்துப் போச்சினம். கனடாவில இருந்தது எங்களுக்குக் கிடைக்கேல்ல எண்டு நீங்கள் நினைக்க வேண்டாம். இஞ்சயும் இருக்கேல்ல.

முல்லைக்கொடி_சேலம்:

வடலி அண்ணா, உங்க அம்மா சொன்னத படிச்சு அழுதுட்டேன். அவங்க நல்லா இருக்கணும்.

மணி அண்ணா, டாக்டர் சார், நீங்க எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது சார். ஆஸ்பத்திரில சேந்தது 8வது நாள். 11வது நாள் அப்பா அங்கதான் இருந்தார். அன்னைக்கு அந்த டெஸ்ட எடுத்து ஆர்என்ஏ ஜாஸ்தின்னு தெரிஞ்சிருந்தா நீங்க என்ன மாத்திக் குடுத்திருப்பீங்க? தம்பி நின்னு வாங்கின ரெம்டெசிவிர் பத்தி அப்புறம் அது பிரயோஜனமே இல்லன்னு நியூஸ்ல சொன்னாங்க, அவன் அதுல இருந்து அதப்பத்தி பேசுறதே இல்ல.

ஐசியு_டாக்டர்_கோவை:

மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க, சொல்றேன்.

2021 மே மாசம், நோயோட 11வது நாள்ல ஆக்சிஜன்ல இருக்குற 61 வயசுக்காரருக்கு எங்க கைல உயிர் காக்கும்னு நிரூபிச்ச மருந்து முக்கியமா டெக்ஸாமெத்தசோன். இங்கிலாந்துல ரிகவரிங்குற பெரிய ட்ரையல் 2020 ஜூன்ல காட்டுச்சு, தெனம் 6 மில்லிகிராம், வென்டிலேட்டர்ல இருக்குறவங்க சாவ மூணுல ஒரு பங்கு, ஆக்சிஜன்ல இருக்குறவங்க சாவ அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சுச்சு. உங்க ஃபைல்ல டிஸ்சார்ஜ் சம்மரில கண்டிப்பா அது இருக்கும் பாருங்க. ஆர்என்ஏ எவ்ளோன்னு தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் குடுத்திருப்பேன். இந்த டெஸ்ட் யாருக்கு ஆபத்துன்னு சொல்லும், என்ன குடுத்தா பிழைப்பார்னு சொல்லாது, ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு.

ஒரு எடத்துல மட்டும் வித்தியாசம் இருந்திருக்கலாம், அதையும் சொல்லிடுறேன். அதே ரிகவரி ட்ரையல் 2021 ஜூன் நடுவுல ஆன்டிபாடி காக்டெய்ல், அதாவது லேப்ல செஞ்ச ரெண்டு ஆன்டிபாடி கலந்த மருந்து, பத்தி ரிசல்ட் சொல்லுச்சு. ஆஸ்பத்திரில சேந்தும் சொந்தமா ஆன்டிபாடி இன்னும் உண்டாகாதவங்களுக்கு மட்டும் அது பலன் குடுத்துச்சு, 28 நாள்ல சாவு 30 சதவீதத்துல இருந்து 24 சதவீதமா எறங்குச்சு. ரத்தத்துல ஆர்என்ஏ ஜாஸ்தியா இருக்குறவங்களும் ஆன்டிபாடி வராம தவிக்கிறவங்களும் பெரும்பாலும் ஒரே ஆளுங்கதான். ஆனா தேதியப் பாருங்கம்மா, ஜூன் நடுவுல. அப்பா போனது அதுக்கு முன்னாடி. அந்த மருந்து நம்ம நாட்டுக்கு வந்ததே மே கடைசில, ஒரு ஆளுக்கு 59,750 ரூபாய், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படாத லேசான, மிதமான நோய்க்குன்னு. அடுத்த ஜனவரிக்குள்ள ஓமிக்ரான் வந்து அந்த மருந்தே வேலை செய்யாம போச்சு. யாரும் அப்ப அப்பாவுக்கு அத குடுத்திருக்க முடியாது.

தம்பிகிட்ட இத காட்டுங்க. ரெம்டெசிவிர் பிரயோஜனமில்லாத மருந்து இல்ல. நோய் முத்தி ஆஸ்பத்திரில சேந்தவங்கள்ல அதோட பலன் ரொம்ப சின்னது, உலக சுகாதார நிறுவனத்தோட சாலிடாரிட்டி ட்ரையல்ல 2020 அக்டோபர்லயே அப்படித்தான் வந்துச்சு. ஆனா அதே மருந்த ஆபத்து அதிகம் இருக்குறவங்களுக்கு முதல் ஏழு நாளுக்குள்ள மூணே மூணு நாள் போட்டப்ப ஆஸ்பத்திரில சேர்றது 87 சதவீதம் கொறைஞ்சுச்சு, அந்த ரிசல்ட் 2021 டிசம்பர்ல வந்துச்சு. மருந்து ஒண்ணுதான், நாள்தான் வேற. வைரஸ் பெருகிட்டு இருக்குறப்ப அத அடிக்கலாம், கரை உடைஞ்சதுக்கு அப்புறம் வெள்ளத்தத்தான் பாக்க முடியும். தம்பி நின்ன ரெண்டு நாள் வரிசை அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்ச அளவுல சரியான காரியம். நாங்களும்தான எழுதிக் குடுத்தோம்.

லேப்_மணி:

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். இப்ப ரத்தத்துல ஆர்என்ஏக்கு பதிலா வைரஸோட மரபுப் பொருள பொதிஞ்சு வெச்சிருக்குற நியூக்ளியோகேப்சிட் புரோட்டீன அளக்குற முறையும் வெளிநாட்டுல பாத்திருக்காங்க, பெரிய ட்ரையல் நோயாளிங்கள்ல அதுவும் ஆர்என்ஏ மாதிரியே ஆபத்த காட்டுச்சு. நம்ம டெங்கு என்எஸ்1 மாதிரி எலைசா வகை டெஸ்ட், பிசிஆர விட லேசு. அடுத்த தடவை இப்படி ஒரு சுவாச நோய் வந்தா முதல் மாசத்துல இருந்தே ஒரு ஊதா மூடி டியூப் ரத்தமும் சேத்து எடுத்து வைங்கன்னு எங்க மேலதிகாரிங்ககிட்ட நான் சொல்லிட்டே இருக்கேன். மூக்குக் குச்சி மட்டும் போதாது.

முல்லைக்கொடி_சேலம்:

சார், நீங்க சொன்ன மாதிரி ஃபைல எடுத்துப் பாத்தேன். பீரோவுல துணிக்கு அடில இருந்துச்சு, நாலு வருஷமா தொறக்கல. டெக்ஸா 6 மில்லிகிராம்னு முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் எழுதியிருக்கு. தம்பிய உக்கார வெச்சு உங்க பதில முழுசா படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, போனை வாங்கி அவனே இன்னொரு தடவை படிச்சான்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்குறேன். எங்க சித்திக்கு, அதே சித்தப்பாவோட மனைவி, 2019ல கிட்னி மாத்து ஆபரேஷன் பண்ணி டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுறாங்க. அவங்களுக்கு இப்ப கொரோனா வந்தா இந்த ரத்த டெஸ்ட கேட்டு எடுக்கணுமா?

ஐசியு_டாக்டர்_கோவை:

டெஸ்ட தேடி அலைய வேண்டாம்மா. எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை சாப்பிடுறவங்க உடம்புல வைரஸ் வாரக்கணக்குல மாசக்கணக்குல கூட தங்கும், அவங்க ஆபத்துல இருக்காங்கன்னு தெரிய தனியா ஒரு நம்பர் தேவையில்ல. காய்ச்சல் தொண்டை வலின்னு வந்த அன்னைக்கே டெஸ்ட் எடுத்துட்டு கிட்னி டாக்டருக்கு போன் பண்ணச் சொல்லுங்க, அஞ்சு நாள் தாண்ட விடாதீங்க. கொரோனாவுக்கு பேக்ஸ்லோவிட் மாதிரி மாத்திரைய யாராவது எழுதிக் குடுத்தா டாக்ரோலிமஸ் சாப்பிடுறேன்னு கண்டிப்பா சொல்லணும், ரெண்டும் சேந்தா டாக்ரோலிமஸ் ரத்தத்துல விஷம் மாதிரி ஏறிடும், அவங்களுக்கு அந்த மூணு நாள் ரெம்டெசிவிர்தான் பெரும்பாலும் சரியா வரும், அத கிட்னி டாக்டர் முடிவு பண்ணுவார். தடுப்பூசி பூஸ்டர் பத்தியும் அவர்கிட்டயே கேளுங்க. ஆக்சிமீட்டர் இப்ப 1000 ரூபாய்க்கு உள்ளயே கெடைக்குது, வீட்டுல ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி வைங்க.